பெயர் எழுதப்படாத படங்கள்

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்குவோரின் கண்முன் நீண்டுயர்ந்த மலைத்தொடர் ஒன்று நிற்கின்றது. அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் செழிப்பை நாம் அறிவோம். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மலையேறும் தோட்டத் தொழிலாளரையும் அறிவோம். ஆயினும், தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைகளில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த பளியரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்களைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. 1908ஆம் ஆண்டு, ‘ஆந்த்ரோப்போஸ்’ என்னும் மானிடவியல் ஆய்விதழில், இயேசு சபைக் குருவான தாமன் அடிகளார் பழனிமலைப் பளியரைக் குறித்துக் கட்டுரை வரைந்தார். மறு ஆண்டே, எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 7 தொகுதிகளாக வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன், ஒரு கையில் அளவுகருவியும் மறு கையில் புகைப்படக் கருவியுமாக ஊர் ஊராகச் சென்றவர். தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்தெடுத்தார். அவர் வெளியிட்ட படங்களின் கீழ்ப் பெரும்பாலும் குலத்தின் பெயர் இருக்கிறது. நிற்பவரின் பெயர் இல்லை. பெரியாற்று மலையடிவாரப் பளியர் குடியிருப்பைக் கண்ட மறைப்பணியாளர் ஒருவரின் குறிப்பும் அந்நூலில் உண்டு. இடத்தின் எழிலைப் புகழும் அக்குறிப்பு, அங்கு வாழ்ந்த மனிதரை உருப்படாதவர் என்று தள்ளிவிடுகிறது.

பெயரை நீக்கிவிட்டால் மனிதன் மாதிரிப் பொருளாகி விடுகிறான். இந்தக் காயம் நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை, 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். அப்பள்ளிகளுள் பெரும்பகுதியை நடத்தியவை நம் திருச்சபையின் அமைப்புகளே என்பதை மறைப்பதற்கில்லை. அங்கே குழந்தைகள் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கப்பட்டனர். பல படங்களில் பெயரில்லை.

2002ஆம் ஆண்டு, கனடாவின் தேசிய ஆவணக்காப்பகமும் நுனாவுட் பகுதியின் இனுயிட் மாணவரும் இணைந்து ‘பெயரிடும் திட்டம்’ ஒன்றைத் தொடங்கினர். இளைஞர்கள் பழைய படங்களைக் கணினியில் ஏற்றி, முதியோரின் இல்லங்களுக்கு எடுத்துச் சென்றனர். முதியோர் உற்று நோக்கி, ‘இவர் என் அத்தை, இவர் அண்டை வீட்டார்’ என்று அடையாளம் காட்டினர். ஒரு பெயர் சொல்லப்பட்டதும் அதன் பின்னே ஒரு கதையும் வந்தது. அதைக் கேட்ட பேரப்பிள்ளைகள் தம் வேர்களை அறிந்தனர். 2015இல் இத்திட்டம் பிற பூர்வகுடிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா சென்று, பூர்வகுடிகளிடம் நேரில் மன்னிப்பு வேண்டினார். அதே மாதத்தில், கனடாவின் உண்மை மற்றும் ஒப்புரவுக்கான தேசிய மையத்தைச் சேர்ந்த ஆவணக்காப்பாளர் உரோமையில் அமலமரி தியாகிகள் சபையின் காப்பகத்தைத் திறந்து பார்க்க இசைவு பெற்றார். அங்கே அப்பள்ளிகளின் படங்கள் ஏறத்தாழ 1,000 இருந்தன. மன்னிப்பு வேண்டுதல் ஒரு நாளில் முடியும். எடுத்ததைத் திருப்பித் தருதல் அதன் பின் தொடரவேண்டிய நீண்ட பணி.

ஒப்புரவைப் பளியருக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை. 1962 முதல் 1964 வரை அவர்களிடையே வாழ்ந்து ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பூசலைத் தவிர்ப்பதும் ஒருவரையொருவர் சமமாக மதிப்பதும் அவர்தம் வாழ்வின் அடிப்படை எனக் கண்டார். சச்சரவு எழுந்தால் விலகிச் செல்வார்கள். அல்லது மூன்றாமவர் ஒருவர் நயமான சொல்லாலோ வேடிக்கைப் பேச்சாலோ சினத்தைத் தணிப்பார். ‘உருப்படாதவர்’ என்று எழுதப்பட்ட மக்களின் நாகரிகம் இது!

பழைய படங்களும் குறிப்புகளும் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோருவோர், முதியோரின் வாக்குமூலத்தையும் மானிடவியல் ஆவணங்களையும் சான்றாகக் காட்டலாம். பாட்டன் இன்ன சரிவில் வாழ்ந்தான் என்பதற்கு ஒரு படமும் ஒரு பெயரும் துணை நிற்கக்கூடும்.

பங்கு இல்லங்களின் பழைய அலமாரிகளிலும், துறவற இல்லங்களின் தொகுப்பேடுகளிலும், தோட்ட முதலாளிகளின் வீட்டுச் சுவர்களிலும் இத்தகைய படங்கள் உறங்கிக் கொண்டிருக்கலாம். அவற்றைத் தேடி எடுத்து, படிகள் எடுப்பித்து, மலைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்வோம். எதைக் காட்டலாம், எதை மறைக்கவேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். புகைப்படக் கருவியும் இனி அவர்கள் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்; தம் மலையை அவர்கள் கண்ணால் நாம் காண்போம்.

நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து மலையில் வாழ்வோரின் பெயர் நமக்குத் தெரியாதிருப்பது எவ்வகையில் நியாயம்? படத்தின் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது. அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு அதில் எழுதுவோம்.