சர்வே எண்ணும் ஜெனீவா எண்ணும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் சங்கத்தின் வரலாறு அல்ல. அதை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். "மனித உரிமை அமைப்புகளோட வரலாற்றைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க சார், நம்ம மாவட்டத்தோட சேர்த்து" என்றார்கள். மாவட்டத்தோடு சேர்த்து என்றதும் எனக்கு 1993தான் கண்முன் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பழைய தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. கடலூர் தலைநகராகத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் பிறந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் டெல்லியில் மனித உரிமைப் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. அக்டோபர் 12இல் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. ஆக, நம் மாவட்டமும் அந்த ஆணையமும் ஏறக்குறைய ஒரே ஜாதகம். ஜூன் மாதம் வியன்னாவில் மனித உரிமைக்கான உலக மாநாடு கூடியது. டிசம்பர் 20ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஒரே நாளில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்றின்படி மனித உரிமைகளுக்கான உயர் ஆணையர் என்ற பதவி உண்டானது. தேசிய ஆணையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பாரிஸ் கோட்பாடுகளை மற்றது ஏற்றது.

இத்தனைக்கும் முன்னால், மார்ச் மாதம், கம்மாபுரம் காவல் நிலையம். 'ஜெய் பீம்' படம் 2021இல் வந்த பிறகு அந்தக் கதையை ஊர் உலகமெல்லாம் அறியும். குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைத் திருட்டுப் புகாரில் கொண்டுபோனார்கள். அவர் வீடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டதாகக் காவல் நிலையம் சொன்னது. மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வாதாடியவர் அன்றைய வழக்கறிஞர், பின்னாளைய நீதிபதி கே. சந்துரு. மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிப் பக்கம் கிடைத்த அடையாளம் தெரியாத பிணம்தான் அவர் என்று நிலைநாட்டி, காவலர்களுக்கு ஆயுள் தண்டனை என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது 2006 ஆகியிருந்தது. கம்மாபுரத்துக்கு முந்தைய ஆண்டே, 1992இல், அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒரு கணவரின் சாவும் அவர் மனைவிக்கு நேர்ந்த கொடுமையும் தமிழ்நாட்டையே உலுக்கியிருந்தன. வியன்னாவில் அறிஞர்கள் கூடிப் பேசிய சங்கதிகளை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த உலக அமைப்புகளின் மூலத்தைத் தேடிப் போனால் அங்கே ஒரு தமிழ்நாட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நீதிக் கட்சித் தலைவர், அதன் 'ஜஸ்டிஸ்' ஏட்டின் ஆசிரியர், ஆர்க்காடு ராமசாமி முதலியார். 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது பொருளாதார, சமூக ஒத்துழைப்புக்கான குழுவுக்குத் தலைமை வகித்தார். 1946 ஜனவரியில் லண்டனில் கூடிய பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்த மன்றம்தான் அதே ஆண்டு மனித உரிமை ஆணையத்தை ஏற்படுத்தியது. எலினார் ரூஸ்வெல்ட் தலைமையில் உலகப் பிரகடனத்தை எழுதியது அந்த ஆணையம். 1948 டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸில் அது நிறைவேறியபோது ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 8. 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த முதல் விதியை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். முதலியாரைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. பெயருக்கு முன்னால் ஆர்க்காட்டைச் சுமந்தவர். தென்னார்க்காட்டுக்காரர்கள் நாமாவது நினைக்கலாம்.

சரி, இந்த அமைப்புகளின் ஆவணங்களை எப்படிப் படிப்பது? எனக்கு இதைக் கற்றுத் தந்தது சட்டப் புத்தகம் அல்ல, நிலத் தகராறு. சிதம்பரத்தில் படித்த காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் எங்கோ ஓர் அடிக்குறிப்பில் இ/சி.என்.4 என்று பார்த்து, ஏதோ ரசாயனச் சூத்திரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு கடலூரில் சீனியர் வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்ந்தேன். அவருடைய குமாஸ்தா பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, "எண்ணைப் படிக்கத் தெரிஞ்சா நிலத்தைப் போய்ப் பார்க்கவே வேணாம் தம்பி" என்பார். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாக இறங்கினால் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தும். ஐ.நா. ஆவண எண்ணும் அப்படித்தான் இறங்குகிறது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். ஏ/எச்.ஆர்.சி/23/47/ஆட்.1. ஏ என்றால் பொதுச்சபை, அது மாவட்டம். எச்.ஆர்.சி என்பது மனித உரிமைப் பேரவை. வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 என்பது கூட்டத்தொடர். 47 என்பது அந்தத் தொடரில் அந்த ஆவணத்தின் எண், நம் சர்வே எண். ஆட்.1 என்பது சேர்க்கை, அதாவது உட்பிரிவு. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டாஃப் ஹைன்ஸ் 2012 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துபோய் எழுதிய அறிக்கை இது. தாய் எண்ணான 47ஐ மட்டும் எடுத்தால் அவருடைய பொது ஆண்டறிக்கைதான் கையில் வரும், இந்தியா வராது. உட்பிரிவை விட்டுவிட்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தவன் கதிதான்.

எண்ணின் தலையெழுத்திலேயே நிறுவனத்தின் வரலாறும் இருக்கிறது. பழைய ஆணையத்தின் தாள்கள் இ/சி.என்.4 என்று தொடங்கும். இ என்பது முதலியார் தலைமை வகித்த பொருளாதார சமூக மன்றம். அதன் நான்காம் எண் ஆணையம் இது. 2006 மார்ச் 15இல் பொதுச்சபை அந்த 53 உறுப்பினர் ஆணையத்தை முடித்துவைத்து 47 உறுப்பினர் பேரவையை உண்டாக்கியது. அதுமுதல் இ போய் ஏ வந்தது. நிலம் அதேதான், பட்டா பொதுச்சபை பெயருக்கு மாறிவிட்டது. பழைய ஆணையம் ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், உரிமைகளை மீறிய நாடுகளே உறுப்பினராகி ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டன என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. புதிய பேரவை அதிலிருந்து முழுக்கத் தப்பிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் எல்லா நாடுகளும் முறைவைத்துக் கூண்டில் ஏறும் காலமுறை மறுஆய்வு நல்ல ஏற்பாடு. இந்தியா 2008, 2012, 2017, 2022 என்று நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறது.

இன்று கைபேசியில் எண்ணைத் தட்டினால் தாள் வந்து நிற்கிறது. அன்று சென்னைக்குத்தான் போக வேண்டும். எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் ஐ.நா. வெளியீடுகளைப் பெற்று வைக்கும் வைப்பு நூலகங்களில் ஒன்று. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். மொத்தக் கட்டையும் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தால், முதல் பக்கத்தின் வலது மேல் மூலையைத்தான் பார்க்க வேண்டும். எண், விநியோக வகை, தேதி, மூலமொழி என்று வரிசையாக இருக்கும். மூலமொழி வரியைப் பலர் தாண்டிவிடுவார்கள். மூலம் பிரெஞ்சு என்றிருந்தால் ஆங்கிலத்தில் இடறும் சொல்லுக்கு அங்கே விளக்கம் கிடைக்கும். ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள். தமிழ் அதில் இல்லை.

தமிழில் நமக்குள் இருக்கும் குழப்பம் தனி. கமிஷனை நாம் ஆணையம் என்கிறோம், இலங்கையில் ஆணைக்குழு என்கிறார்கள். நமக்கு உயர் ஆணையர், அவர்களுக்கு உயர்ஸ்தானிகர். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை வேறு, மனித உரிமைக் குழு வேறு. பேரவையில் உட்காருபவை 47 அரசுகள். குழுவில் இருப்பவர்கள் 18 வல்லுநர்கள். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையை நாடுகள் காக்கின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. 2013 மார்ச்சில் மாணவர் போராட்டத்தால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, டீக்கடையில் கூட ஜெனீவா என்ற சொல் அடிபட்டது. இலங்கை குறித்த 22/1 தீர்மானம் மார்ச் 21இல் 25க்கு 13 என்று நிறைவேறியது. 8 நாடுகள் நடுநிலை. அதற்கு முந்தைய வாரங்களில் கையிலிருந்து கைக்கு ஓடிய ஜெராக்ஸ்களில் எல் என்ற எழுத்து இருந்தது. எல் என்றால் வரைவு. வரைவையும் தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியம் மெலிந்தது, எந்தச் சொல் காணாமல் போயிற்று என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் பேரம் எங்கே நடந்தது என்று தெரியும். மேடைப் பேச்சுகளில் பலரும் வரைவையே தீர்மானம் என்று முழங்கினார்கள். அன்று உயர் ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை, டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள், நம் வம்சாவளி. அவர் எழுதிய அறிக்கைகளையாவது முழுக்கப் படித்திருக்கலாம்.

மேலிருந்து கீழே வரும் தாளும் உண்டு. காவலில் யாராவது இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று தேசிய ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது 1993 டிசம்பர் 14இல். 1995இல் அத்தகைய பிரேதப் பரிசோதனைகளை வீடியோ எடுக்கச் சொன்னது. 1997 மார்ச்சில் மாதிரிப் பிரேதப் பரிசோதனைப் படிவம் ஒன்றை அனுப்பியது. ஐ.நா. 1991இல் வெளியிட்ட, மினசோட்டா நெறிமுறை என்று வழங்கும் கையேட்டின் மாதிரியைத் தழுவியது அந்தப் படிவம். மினசோட்டாவில் வக்கீல்களும் டாக்டர்களும் கூடி எழுதிய காகிதம், ஆறு வருடத்தில் ஜி.எச். பிணவறை மேசைக்கு வந்துவிட்டது. உள்ளங்காலைப் பார்த்தீர்களா, மணிக்கட்டைப் பார்த்தீர்களா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். குறுக்கு விசாரணையில் நிரப்பப்படாத கட்டத்தைக் காட்டினால் போதும், சாட்சி தண்ணீர் கேட்பார்.

மாநில ஆணையம் 1997 ஏப்ரல் 17இல் வந்தது. இளைய வழக்கறிஞர்களுக்கு ஒரு சொல்: மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்காது. எத்தனையோ நல்ல புகார்கள் அந்தக் கதவில்தான் முட்டி நின்றிருக்கின்றன. ஜெனீவாவுக்கு நேரே போகலாமே என்றால், குடிமை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தாலும் தனிமனிதர் புகார் தரும் நெறிமுறையில் சேரவில்லை. சிறப்பு அறிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டாயிற்று, ஏற்புறுதி நடக்கவில்லை. சித்திரவதை குறித்த அறிக்கையாளர் இந்தியா வர அனுமதி கேட்டது எந்த ஆண்டு தெரியுமா? அதுவும் 1993தான். இன்னும் வரவில்லை. குடிமை உரிமை உடன்படிக்கையின் கீழ் அரசு தந்த மூன்றாம் அறிக்கையை மனித உரிமைக் குழு 1997இல் பரிசீலித்தது. அடுத்த பரிசீலனை 2024 ஜூலையில். நம் நீதிமன்றத்தில் வாய்தா அதிகம் என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

சிப்காட் தொழிற்பேட்டையைச் சொல்லாமல் கடலூரைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. உப்பனாற்றங்கரையில் ஈச்சங்காடு, குடிகாடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் மக்கள் மூச்சுவிட முடியாமல் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கை 2003இல் வந்தது. 2004இல் கிராமத்துக்காரர்களே கண்காணிப்பாளர்களாகி, ஒரு பிளாஸ்டிக் வாளியும் அதற்குள் ஒரு பையும் வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என்னைக் கவர்ந்தது வாளியைவிட அவர்களுடைய நோட்டுப் புத்தகம். நேரம், காற்று எந்தத் திசை, என்ன வாடை. அழுகிய முட்டை, நெயில் பாலிஷ் என்று மூக்குக்குத் தெரிந்த பெயரையே எழுதிவைத்தார்கள். அதிகாரிகளுக்கு எழுதும் தாளில் தேதியும் நேரமும் இருந்தால் அதன் எடையே வேறு.

ஐ.நா.வில் நச்சுக்கழிவுக்கு என்று ஓர் அறிக்கையாளர் 1995இலிருந்தே இருந்தார். ஆனால் அன்று அவருக்கு விதித்த வேலை, நாடு விட்டு நாடு கடத்திக் கொட்டும் கழிவைப் பார்ப்பது. 2010 ஜனவரியில் இந்தியா வந்த ஒகெச்சுக்வு இபேயானு அதிகம் எழுதியதும் கப்பல் உடைக்கும் துறையைப் பற்றித்தான். உள்ளூர் ஆலையின் புகையும் அந்தப் பதவியின் கீழ் வரும்படி விரித்தது 2011ஆம் ஆண்டின் 18/11 தீர்மானம். தூய்மையான சுற்றுச்சூழலை மனித உரிமை என்று பொதுச்சபை ஏற்றது 2022 ஜூலை 28இல். குடிகாட்டு நோட்டுப் புத்தகம் அதற்கு 18 வயது மூத்தது.

இந்த வேலையில் என்னிடம் சேர்ந்த ஜெராக்ஸ் கட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் கரையேறியபோது கூரை ஓடு பறந்து பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மூன்று நாள் கொடியில் துணிக்குப் பதில் தாள்களைக் காயப் போட்டோம். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் குடியிருப்புப் பேச்சுவார்த்தைக்காக எடுத்து வைத்திருந்த, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டுக் கோட்பாடுகள், இ/சி.என்.4/1998/53/ஆட்.2, மசி பரவி ஓரம் பழுத்துப் போய்விட்டது. மேல் மூலை எண் மட்டும் தெளிவாக இருக்கிறது. மிச்சமானவை இப்போது மஞ்சக்குப்பத்தில் என் அறை அலமாரியின் கீழ்த்தட்டில், சாக்குப்பையில். வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கலாம். கொண்டுபோகும்போது நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போங்கள்.