பழைய டீசல் வாகனங்களின் தாங்கிக்குள் வளரும் பூஞ்சை: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் வான், பிக்கப், உழவு இயந்திரம் வைத்திருக்கும் பலருக்கு இது தெரிந்த கதை. ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பில்டரை மாற்றியதும் சரியாகிறது. இரண்டு கிழமையில் அதே குறை திரும்பி வருகிறது. மூன்றாம் தடவை ‘டீசல் பம்ப் போய்விட்டது’ என்று முடிவாகிப் பம்ப் கழற்றப்படுகிறது. பெருந்தொகை செலவழித்த பின்னரும் வாகனம் பழையபடி நிற்கிறது. பல வேளைகளில் குறை பம்பில் இல்லை. எரிபொருள் தாங்கியின் அடியில் இருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. 20, 30 வருடப் பழைய வாகனத்தை ஹயருக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு, தேவையில்லாத ஒரு பம்ப் வேலை பல மாத உழைப்பைக் கொண்டுபோய்விடும்.

டீசலுக்குள் என்ன வளர்கிறது?

பார்வைக்குப் பாசி போலத் தெரியும். ஆனால் பாசி வளர வெளிச்சம் வேண்டும். தாங்கிக்குள் வெளிச்சம் இல்லை. அங்கே வளர்வது பூஞ்சையும் பக்டீரியாவும். இவற்றில் பெயர்பெற்றது ‘ஹோர்மோகோனிஸ் ரெசினே’ என்ற பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் இதைச் சொல்வார்கள். 1960களில் ஜெட் விமானங்களின் எரிபொருள் தாங்கிகளிலும் இது பெரும் தொல்லை கொடுத்தது.

இந்த நுண்ணுயிர்களுக்கு டீசல் உணவு, தண்ணீர் இருப்பிடம். டீசலை விடத் தண்ணீர் பாரமானது என்பதால் அது தாங்கியின் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான படலம் உருவாகும். எங்கள் நாட்டு வெப்பநிலை இவை வளர மிகவும் ஏற்றது. இவை வெளிவிடும் அமிலம் தாங்கியையும் குழாய்களையும் அரிக்கும். படலம் உடைந்து வந்து பில்டரை அடைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அரைவாசி வெறுமையான தாங்கிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து துளிகளாகும். மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாரி மழை நேரடியாக இறங்கும். வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் தாங்கியை எப்போதும் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும்.

சேர்த்து வைத்த டீசலும் ஒரு காரணம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு லீற்றருக்கும் அலைந்தவர்கள் நாங்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் வந்தபோது, கிடைத்ததைக் கானில் சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் திரும்பியது. ஆனால் டீசல் கெடாத பொருள் அல்ல. நல்ல முறையில் மூடி வைத்தாலும் 6 முதல் 12 மாதம்தான் நம்பலாம். மூலையில் கிடக்கும் பழைய கானை அப்படியே தாங்கிக்குள் ஊற்றுவது நோயை ஊற்றுவது போன்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர் வந்தால் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கும் வாகனங்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வாகனம் நின்று, அரை மணி நேரம் விட்டதும் மீண்டும் ஓடினால் தாங்கியைச் சந்தேகிக்கலாம். உறிஞ்சு குழாயை அடைத்த அழுக்கு, இஞ்சின் நின்றதும் கீழே விழுந்துவிடுவதே காரணம். கழற்றிய பில்டரில் கறுப்பு அல்லது கபில நிற வழுவழுப்பு இருப்பதும், அழுகிய முட்டை மணம் வருவதும் மற்ற அறிகுறிகள்.

செலவில்லாத சோதனைகள் இரண்டு உண்டு.

முதலாவது, போத்தல் சோதனை. தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீரும், அதற்கு மேலே சவ்வு போன்ற படையும், அதற்கும் மேலே டீசலும் தெரிந்தால் பூஞ்சை இருப்பது பெரும்பாலும் உறுதி. கையுறை போட்டுத் தேய்த்துப் பார்த்தால் துரு நறநறக்கும், இது வழுக்கும்.

இரண்டாவது, கான் சோதனை. இஞ்சினுக்கு வரும் டீசல் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் சுத்தமான டீசல் உள்ள கானுக்குள் விட்டு, புதிய பில்டருடன் இஞ்சினை ஓடவிட வேண்டும். இதை மெக்கானிக் ஒருவரே செய்ய வேண்டும். கானைச் சூடான பாகங்களுக்கு அருகில் வைக்கக் கூடாது. குறை மறைந்தால் பம்ப் நல்லது. பிழை தாங்கியிலும் குழாய்களிலும்தான். பம்பைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. பழைய டீசலை முழுவதும் வடித்து, தாங்கியைக் கழற்றுங்கள். படலம் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் வடிப்பது மட்டும் போதாது.

2. சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு உள்ளே கழுவி, வெயிலில் முற்றாக உலர விடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சினாலும் பூஞ்சை திரும்பும்.

3. தாங்கிக்குள் இருக்கும் வலையையும், வரும், போகும் குழாய்களையும் சுத்தம் செய்யுங்கள்.

4. புதிய பில்டர் போட்டு, கைப்பம்பால் காற்றை வெளியேற்றுங்கள்.

5. டீசலுக்கென்று தயாரிக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்தால், போத்தலில் குறித்த அளவில் மட்டும் கலவுங்கள். ‘இன்ஜெக்டர் கிளீனர்’ இந்த வேலையைச் செய்யாது. படகு இயந்திர உதிரிப்பாகக் கடைகளில் விசாரிக்கலாம். இது நச்சு மருந்து. கையுறையும் கண்ணாடியும் அவசியம். விமானப் பொதியில் கொண்டுவரச் சொல்லும் பொருள் அல்ல.

6. இறந்த பூஞ்சையும் பில்டரை அடைக்கும். ஆகவே அடுத்த சில கிழமைகளுக்கு மேலதிக பில்டர் ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள்.

தண்ணீரை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் பயன் நிலைக்காது. மருந்து கிடைக்காவிட்டாலும் தண்ணீரையும் படலத்தையும் அகற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

செய்யக் கூடாதவை

பெற்றோல், ஸ்பிரிற், குளோரின் எதையும் ‘மருந்தாக’ ஊற்றாதீர்கள். பம்பும் இன்ஜெக்டர்களும் பழுதாகும், பெற்றோல் தீ ஆபத்தையும் கூட்டும். வெறும் தாங்கி என்று நினைத்து ஓட்டையை வெல்டிங் செய்யாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

வடித்த டீசலையும் கழுவிய தண்ணீரையும் வளவில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. மூடிய கானில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

வராமல் காக்க

நீண்ட நாள் நிறுத்தும்போது தாங்கியை நிரப்பி வையுங்கள். மாதம் ஒரு தடவை பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். மாரியில் கிழமைக்கு ஒரு தடவை செய்வது நல்லது. மூடியின் இறப்பர் வளையத்தை மாற்றுங்கள். எரிபொருள் நிலையத்தில் பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும்போது டீசல் அடிப்பதைத் தவிருங்கள். நிலத்தடித் தாங்கியின் அடியில் படிந்த தண்ணீரும் அழுக்கும் அப்போதுதான் கலங்கும். பில்டரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பழையதை எறிவதற்கு முன் அதற்குள் இருப்பதை ஒரு போத்தலில் ஊற்றிப் பாருங்கள். தாங்கியின் நிலை அதிலேயே தெரிந்துவிடும்.