ஸாதிகீ மருத்துவமனையின் வாசலும் டைபஸ் தடுப்பூசியும்

கி.பி. 1489-90இல் கிரனாடாவை வெல்லும் போரில் ஈடுபட்டிருந்த ஸ்பானியப் படையினரிடையே கடுங்காய்ச்சலும் மேனியெங்கும் செம்புள்ளிகளுமாக ஒரு நோய் பரவிற்று. வாளுக்கு இரையானோர் 3000 பேர், நோய்க்கு இரையானோர் 17000 பேர் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஐரோப்பாவில் டைபஸ் நோய் பற்றிய நம்பத்தக்க முதற்பதிவாக இதனையே பலரும் கொள்வர். (பெயர் ஒத்திருப்பினும் டைபாய்டு வேறு, டைபஸ் வேறு.)

அதே கிரனாடாவில், 1374இல் மறைந்த பேரறிஞர் இப்னுல் கதீப், கொள்ளைநோய் குறித்து எழுதுகையில், உடை, பாத்திரம், காதணி ஆகியவற்றின் வழியே நோய் தொற்றுவது அனுபவத்தால் உறுதிப்பட்டது என வாதிட்டிருந்தார். அவர் பேசியது பிளேக் பற்றியதுதான். எனினும் டைபஸின் மர்மமும் உடையிலேயே ஒளிந்திருந்தது.

அதனை வெளிப்படுத்திய இடம் தூனிஸ் நகரின் ஸாதிகீ மருத்துவமனை. (17ஆம் நூற்றாண்டில் தம் சொத்துகளை வக்ஃபு செய்த இளவரசி அஸீஸா உஸ்மானாவின் பெயரை அம்மருத்துவமனை இன்று தாங்கி நிற்கிறது.) அந்நகரின் பாஸ்டர் நிறுவனத் தலைவர் சார்ல் நிக்கோல் அங்கு ஒன்றைக் கவனித்தார். வாசலில் கிடந்த நோயாளிகளிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றியது. அவர்தம் உடைகளை வாங்கி வைத்த ஊழியருக்கும் தொற்றியது. குளிப்பாட்டி, மாற்றுடை உடுத்தி உள்ளே கொண்டுசென்ற பின்னரோ அருகிலிருந்த எவருக்கும் தொற்றவில்லை. ஆகவே நோயைச் சுமந்து வருவது உடையில் வாழும் பேனே எனத் துணிந்து, 1909இல் குரங்குகளைக் கொண்டு அதனை மெய்ப்பித்தார். 1928இல் நோபல் பரிசு அவருக்குக் கிட்டிற்று. வாசற்படியில் கிடந்த தூனிஸ் ஏழைகளின் பெயர்களை நாம் அறியோம்.

காரணம் தெரிந்தும் தடுப்பூசி எளிதில் கைகூடவில்லை. ரிக்கெட்ஸியா என்னும் இக்கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். ஏனைய பாக்டீரியாக்களைப் போலச் சாற்றிலிட்டு வளர்க்க இயலாது. ஆய்ந்தவர்களையே அது பலிகொண்டது: ரிக்கெட்ஸ் 1910இலும் புரோவாசெக் 1915இலும் இந்நோயாலேயே மாண்டனர். கிருமி அவ்விருவர் பெயரையே தாங்கியுள்ளது.

போலந்தின் லுவூஃப் நகரில் ருடால்ஃப் வைகல் பேனையே வளர்ப்புக்கலனாக்கினார். நுண்ணிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு பேனின் பின்வாய் வழியாகவும் கிருமியைச் செலுத்தி, சிறு கூண்டுகளில் அடைத்து, மனிதரின் காலில் கட்டி இரத்தம் ஊட்டுவர்; பின்னர்க் குடலை அறுத்தெடுத்து அரைத்து, ஃபீனாலால் கிருமியைக் கொல்வர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கணிதமேதை ஸ்டெஃபான் பானாக்கும் அங்குப் பேனுக்கு இரத்தம் ஈந்தவரே. பேனூட்டும் இழிதொழில் பல அறிவாளிகளுக்கு அந்நாளில் உயிர்க்காப்பாக அமைந்தது.

மொராக்கோவின் காஸாபிளாங்காவில் ஜார்ஜ் பிளாங்க் வேறு வழியை நாடினார். எலிகளிடமிருந்து பரவும் டைபஸின் கிருமியைத் தெள்ளுப்பூச்சியின் எச்சத்திலிருந்து எடுத்து, மாட்டுப் பித்தநீரால் வலுவிழக்கச் செய்து, உயிருடனேயே செலுத்தினார். மலிவானது, பெருமளவில் ஆக்க வல்லது. 1930களின் பிற்பகுதியில் இலட்சக்கணக்கான மொராக்கோ மக்களுக்கு அது போடப்பட்டது. ஊசியாலேயே காய்ச்சல் கண்டோரும் உண்டு. பேன் தடுப்பூசி விலைமிக்கது, போதிய அளவில் கிடைக்காதது என்பது மெய்யே. ஆயினும், உயிருள்ள கிருமியை இத்துணை பெருந்திரளுக்குச் செலுத்தும் துணிவு, பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ்க் குடிகளின் இசைவு கேட்கப்படாத நாட்டில்தான் எளிதாய்ப் பிறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1938இல் அமெரிக்கரான ஹெரால்ட் காக்ஸ் கருவுற்ற கோழிமுட்டையின் மஞ்சட்கருப் பையில் கிருமியை வளர்த்துக் காட்டியதும் பேனும் தெள்ளும் தேவையற்றுப் போயின. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் பெற்றது இம்முட்டைத் தடுப்பூசியே. ஆனால் 1943-44இல் நேப்பிள்ஸ் நகரில் மூண்ட கொள்ளைநோயை அடக்கியதில் பெரும்பங்கு ஊசிக்கன்று, உடைக்குள் தூவிய டி.டி.டி. பொடிக்கே உரியது. அதன்பின் வந்த டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் நோயைக் குணப்படுத்தவே, தடுப்பூசி ஆய்வின் வேகம் தணிந்தது. காக்ஸின் ஊசியும் பின்னாளில் வழக்கொழிந்தது. வேலூர் வட்டாரத்தில் மருத்துவர்கள் ஆண்டுதோறும் காணும் ஸ்க்ரப் டைபஸுக்கும் தடுப்பூசி இன்னும் உருவாகவில்லை.