ஏர் ஃபில்டர்: ஒரு காகித மடிப்பின் கதை

சிறிய கார் ஒன்றின் பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கினால் உள்ளே விசிறி மடிப்பாக ஒரு காகிதம். அதுதான் ஏர் ஃபில்டர். "ஃபில்டரை மாத்துங்க, மைலேஜ் கூடும்" என்று கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அது நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. இன்றைய கார்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எப்போது, ஏன் பொருந்தாமல் போனது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று லேசானது என்பதால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று ஆகிறது! முப்பது லிட்டர் டேங்க் காலியாவதற்குள் ஒரு பெரிய ஹாலை நிரப்பும் அளவு காற்றை எஞ்சின் உறிஞ்சிவிடுகிறது. அந்தக் காற்றில் இருக்கும் ரோட்டுப் புழுதியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது மணல். இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

இத்தனைக்கும், 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஏர் ஃபில்டரே கிடையாது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் அப்படித்தான் விற்றன. அப்போது அமெரிக்கக் கிராமச் சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றுவது வழக்கமான செலவாக இருந்தது, யாரும் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை.

குறையாக நினைத்தது விவசாயிகள்தான். கார் புழுதியில் எப்போதாவது போகும், டிராக்டரோ நாள் முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டே ஓடும். 1915-ல் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், யூட்டா மாநிலத்தில் ஒரு விவசாயியின் டிராக்டர் பழுதானதைப் பார்க்கப் போனார். எஞ்சினைத் தின்றது தூசி என்று தெரிந்தது. கம்பிக் கூண்டும் துணியும் வைத்து ஒரு வடிகட்டியைச் செய்து பொருத்தினார். அவர் வேலை பார்த்த டிராக்டர் கம்பெனி பாராட்டவில்லை. தங்கள் டிராக்டரில் குறை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதுபோல் ஆகிவிட்டதாம், வேலையை விட்டே அனுப்பிவிட்டது. அதன்பின் அவர் மின்னசோட்டாவில் தொடங்கிய டொனால்ட்சன் கம்பெனி, ஃபில்டர் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது. துரத்திய கம்பெனியின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபில்டர் மோசமானால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போரில் ஒரு சாட்சி உண்டு. சோவியத் யூனியன் தன் டி-34 டாங்கி ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்ப, 1942-ல் மேரிலாந்தில் உள்ள அபர்டீன் சோதனைத் தளத்தில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். சில நூறு கிலோமீட்டரிலேயே எஞ்சின் முடிந்தது. காற்று வடிகட்டி தூசியைத் தடுக்கவே இல்லை, பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து போயிருந்தன. நல்ல கவசம், நல்ல பீரங்கி, ஆனால் மூக்கு சரியில்லை!

அந்தக் காலத்தில் கார்களிலும் டிராக்டர்களிலும் பரவலாக இருந்தது 'ஆயில் பாத்' ஃபில்டர். அதை நன்றாகப் புரிந்துகொள்ள ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரைப் பார்க்கலாம். அதன் எஞ்சின் பின்பக்கம். கார்புரேட்டர் தலையில் ஒரு தகரச் சட்டி உட்கார்ந்திருக்கும். சட்டியின் அடியில் எஞ்சின் ஆயில், மேலே உலோகக் கம்பி வலை. உள்ளே வரும் காற்று கீழே இறங்கி, எண்ணெயின் முகத்தில் மோதி, சட்டென்று மேலே திரும்பும். காற்று திரும்பிவிடும், கனமான தூசியால் திரும்ப முடியாது, எண்ணெயில் விழுந்துவிடும். தப்பிய தூசியை எண்ணெய் நனைந்த வலை பிடித்துக்கொள்ளும். வலையிலிருந்து சொட்டும் எண்ணெய் அதையும் கழுவிக் கீழே கொண்டுவரும். எளிமையான, அழகான யோசனை.

ஆனால் அதற்குக் கை வேலை அதிகம். சட்டியைச் சாய்க்காமல் கழற்ற வேண்டும். பழைய எண்ணெயைக் கொட்டி, அடியில் சேர்ந்த சேற்றை வழித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது ஆயிலைக் குறியிட்ட அளவு வரை ஊற்ற வேண்டும். குறைத்தால் தூசி பிடிக்காது, கூட்டினால் எண்ணெயே எஞ்சினுக்குள் போகும். புழுதிப் பாதையில் ஓடும் காருக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டும். அந்தத் தலைமுறை கார்க்காரர்களுக்குப் பராமரிப்பு என்றால் கழுவுவதுதான். இந்தப் பழக்கம் பின்னால் வந்தவர்களையும் விடவில்லை.

ஆயில் பாத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் தூசி பிரியும். ஐடிலிங்கில், மெதுவாக ஓடும்போது பிடிப்பு குறைந்துவிடும். 1950-களிலும் 60-களிலும் பிசின் ஊட்டிய காகித ஃபில்டர் அந்த இடத்தைப் பிடித்தது. வேகம் எதுவானாலும் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், கழுவ வேண்டாம், நிறைந்தால் தூக்கி எறியலாம். மடிப்பு ஏன் என்றால், சின்னப் பெட்டிக்குள் நிறையப் பரப்பளவை அடைக்கத்தான். பீட்டில் மட்டும் பழைய சட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் விற்ற பீட்டிலுக்கே 1973 மாடலில்தான் காகிதம் வந்தது.

இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, கார்புரேட்டரும் காகித ஃபில்டரும் கொண்ட கார். இங்குதான் மைலேஜ் பேச்சு வேரூன்றியது. காரணமும் இருந்தது. கார்புரேட்டர் உறிஞ்சும் விசையை வைத்தே பெட்ரோலைக் கலக்கிறது. ஃபில்டர் அடைத்தால் சோக் இழுத்துவிட்டது போல ஆகும். காற்று குறையும், பெட்ரோல் கூடும், புகை கறுக்கும்.

2000-ஐ ஒட்டி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பரவியபோது கணக்கு மாறியது. கார்புரேட்டர் தலையில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஃபில்டர், செவ்வகமாகி ஓரத்துப் பெட்டிக்குப் போனது. கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அவ்வளவுதான். தெரியாத மாற்றம் பெரியது. வரும் காற்றை சென்சார் அளக்கிறது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இன்னொரு சென்சார் பார்க்கிறது, கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தே பார்த்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் இன்ஜெக்‌ஷன் கார்களின் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் எடுப்பதில்தான் 6 முதல் 11 சதவீதம் வித்தியாசம். ஒப்பிட வைத்த 1972 மாடல் கார்புரேட்டர் காரிலோ 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் அடி வாங்கியது.

அப்படியானால் ஃபில்டரை மறந்துவிடலாமா? கூடாது. அது முதலில் மைலேஜுக்காக வந்த பொருளே இல்லையே! யூட்டா விவசாயிக்குப் போனது எஞ்சின், பெட்ரோல் காசு அல்ல.

இங்கேதான் பழைய கழுவும் பழக்கம் இடைஞ்சல் செய்கிறது. காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிடக் கொஞ்சம் தூசி படிந்த பிறகே நன்றாகப் பிடிக்கும், படிந்த தூசியே இன்னொரு வடிகட்டி ஆகிவிடுகிறது. சர்வீஸ் கடையில் கம்ப்ரெசர் குழாயைப் பக்கத்தில் வைத்து ஓங்கிக் காற்று அடித்தால் பார்க்க வெள்ளையாகும். காகிதத்தில் விழும் நுண்ணிய கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. அடிக்கத்தான் வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. தரையில் தட்டினால் ஓரத்து ரப்பர் நெளியும், நெளிந்த இடைவெளி வழியாகக் காற்று வடிகட்டப்படாமலே போகும்.

மாற்றும் வேலை பத்து நிமிடம்தான், கவனம் வேண்டியது பெட்டியில். பழையதை எடுக்கும்போது எஞ்சினுக்குப் போகும் பக்கத்தில் தூசி விழாமல் பார்த்து, பெட்டியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் ஓரம் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, எல்லாக் கிளிப்பும் விழுந்த பிறகே விட வேண்டும். சுத்தமான பக்கத்துக் குழாயில் மெல்லிய மண் கோடு தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஃபில்டரில் எண்ணெய் நனைந்திருந்தால் குற்றம் ஃபில்டரில் இல்லை. 1960-களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக, எஞ்சின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடாமல் மறுபடி உறிஞ்சும் பாதைக்கே திருப்பினார்கள். அந்தக் குழாய் வழியாக எண்ணெய் வருகிறது என்றால் ரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். புது ஃபில்டர் போடுவதற்கு முன் அதை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.