தலைவலி மாத்திரையும் இழுப்பும்

சேலம் ஜில்லாக்காரர்கள் இழுப்பு நோயைப் பற்றிப் பேசினால், ராஜாஜியின் ஞாபகம் வராமல் போகாது. சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை அந்த நகரசபையின் தலைவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர். அந்த மெலிந்த சரீரத்தை ஆஸ்துமா வெகுகாலம் வாட்டியது. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போய், 1922 மார்ச்சில் வெளியே வந்தார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பில் இந்த நோய்க்கும் இடம் உண்டு.

அதே 1922-ல் பாரிஸில் பெர்னான் விதால் என்ற வைத்தியர், சகாக்கள் இருவருடன் சேர்ந்து ஒரு விசித்திரத்தை எழுதி வெளியிட்டார். ஆஸ்துமா, மூக்கினுள் சதை வளர்தல், ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் கூடி நிற்பதை அவர் கண்டார். ராஜாஜிக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. வருஷம் ஒன்றாக அமைந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பிரின் பிறந்தது ஜெர்மனியில். 1897-ல் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சுத்தமாகத் தயாராகி, 1899-ல் அந்தப் பெயருடன் விற்பனைக்கு வந்தது. பிறகு உலகமெங்கும் பரவி, நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு நடுவயதில் இழுப்பு வந்தது. மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். ஒரு சந்தை நாளில் தலைவலி என்று பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, நெஞ்சு விசில் அடித்தது. பனிக் காற்று என்றார் ஒருவர். வாழைப்பழம் என்றார் மற்றொருவர். சில மாதம் கழித்துப் பல்வலிக்காக அதே மாத்திரை; அதே கதை. சித்திதான் முடிச்சை அவிழ்த்தாள்.

"தம்பி, அந்த வில்லையைத் தின்னாத்தான் உங்க சித்தப்பாவுக்கு இப்படி வருது" என்றாள்.

காரணம் பின்னால் தெரிந்தது. ஆஸ்பிரின் நம் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-ல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றார். வலி குறைவது அதனால்தான். ஆனால் அந்தப் பொருள்களில் ஒன்று மூச்சுக் குழாய்க்குக் காவல்காரனும்கூட. காவல் விலகியதும், லூகோட்ரையீன் என்ற வேறு பொருள்கள் இவர்களிடம் வெள்ளமாய்ப் பெருகுகின்றன. குழாய் சுருங்குகிறது, உள்ளே வீங்கிச் சளி சுரக்கிறது. வலியைத் தணிக்கும் காரியமே மூச்சையும் அடைக்கிறது என்ற கருத்தை 1975-ல் போலந்து தேசத்து ஷ்செக்லிக் முன்வைத்தார். ஆகையால் ஆஸ்பிரின் மட்டுமல்ல, அதே வேலையைச் செய்யும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் முதலியவையும் இவர்களுக்கு ஆகா.

விதாலின் கட்டுரை பிரெஞ்சு மொழியில் கிடந்தது; அதிகம் பேர் கண்ணில் படவில்லை. 1968-ல் அமெரிக்காவில் சாம்டரும் பியர்ஸும் விரிவாக எழுதிய பிறகே வைத்திய உலகம் விழித்துக்கொண்டது. இடையில் 46 வருஷம்! வயது வந்த ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இந்த ஒவ்வாமை உண்டு என்பது இன்றைய கணக்கு. பெரும்பாலோருக்கு அளவான பாரசிட்டமால் ஒத்துக்கொள்ளும். அதையும் வைத்தியரைக் கேட்டே சாப்பிடவேண்டும்.

சித்தப்பாவின் வைத்தியர், ஆகாத மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சித்தி அதை அவர் சட்டைப் பையில் வைத்து, ஒவ்வொரு சலவைக்கும் எடுத்து மறுபடி வைப்பாள். பாரிஸில் விதால் கண்டதை அவள் கொடிக்காலில் கண்டாள். இழுப்பு வந்த நாளில் என்ன தின்றோம் என்று கேட்பவர்கள், என்ன விழுங்கினோம் என்றும் கேட்டுக்கொண்டால் நல்லது.