வாடகை வீடும் வண்டி நிறுத்தும் இடமும்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வாடகைக் குடித்தனம் இருபதாம் நூற்றாண்டில் பெருகியது. ரயில்வே, நீதிமன்றம், பள்ளிக்கூடம், பஞ்சாலை என வேலைகள் கூடக்கூட, மாற்றலாகி வந்தவர்களும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் வீடு தேடினர். திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என நீண்டு கிடந்த தெரு வீடுகள் போர்ஷன்களாகப் பிரிந்தன. கிணறும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. திருநெல்வேலியில் வளவு, மதுரையில் காம்பவுண்டு வீடு, கோவை வட்டாரத்தில் லைன் வீடு என ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் வாழ்ந்தன.

இவை நடந்தே வேலைக்குப் போனவர்களுக்கான வீடுகள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும்; தெருவுக்கும் திண்ணைக்கும் இடையே காலி இடம் இராது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் சைக்கிள் நடுத்தரக் குடும்பங்களின் வாகனமானபோதும் சிக்கல் எழவில்லை. இரவில் அதைப் படியேற்றி ரேழியில் சாத்தி வைக்க முடிந்தது. கார் வைத்திருந்த மிகச் சிலருக்குச் சொந்த வீடும் கார் ஷெட்டும் இருந்தன.

அக்காலச் சட்டமும் வாகனத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுப் பற்றாக்குறையில் தோன்றிய வாடகைக் கட்டுப்பாடு, 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. சென்னை, மதுரை நகரங்களோடு எல்லா நகராட்சிகளுக்கும் அது பொருந்தியது. கட்டடத்தோடு சேர்ந்த தோட்டம், மனை, புறவீடு ஆகியவற்றை அது குறிப்பிட்டது. நியாய வாடகையும் குடியிருப்பவரை வெளியேற்றும் காரணங்களுமே அதன் முக்கியக் கவலைகள். குடியிருப்பவரை எளிதில் கிளப்ப முடியாததால், வீட்டுக்காரர்கள் பெரிய அட்வான்ஸையும் 11 மாத ஒப்பந்தத்தையும் நாடினர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியும் இந்த 11 மாதக் கணக்குக்குக் காரணம்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ரேழிக்குள் ஏற்ற முடியாத வண்டிகள் வாடகைக் குடும்பங்களுக்கும் எட்டின. இதே காலத்தில் பல ஊர்களில் பழைய திண்ணைகள் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கடையோ இரும்புக் கதவோ வந்தது. ஊருக்கு வெளியே எழுந்த நகர்களில், முன்புறம் போர்டிகோ வைத்த மாடி வீடு பொது வடிவமானது. பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், மாடியில் வாடகைக் குடும்பம். போர்டிகோவில் வீட்டுக்காரரின் கார் நிற்க, மாடிக்காரருக்குக் கிடைத்தது பைக்குக்கான மூலை. அவருடைய கார் தெருவோரத்தில் நின்றது.

1990களுக்குப் பிறகு அடுக்ககங்கள் சிறு நகரங்களிலும் தலையெடுத்தன. தமிழ்நாடு அடுக்கக உடைமைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. தூண்கள் மேல் கட்டடத்தை நிறுத்தி, தரைத்தளத்தை வண்டிகளுக்கு விடும் ஸ்டில்ட் முறை பரவியதும், ‘கவர்டு கார் பார்க்கிங்’ தனி விலையுள்ள பொருளானது. 2010இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பகுதி பொது இடமே என்றும், கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. 2019இல் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வாகன நிறுத்த அளவுகளை மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகுப்பில் வகுத்தன. புதுக் கட்டடங்களுக்கே இவை உதவின. கோயிலையும் கடைவீதியையும் ஒட்டிய பழைய தெருக்களில் கார் நிறுத்தும் வசதியோடு வாடகை வீடு கிடைப்பது இன்றும் அரிது. அத்தகைய வீட்டைத் தேடுவோர் புறநகருக்கே போக வேண்டியிருக்கிறது.

வாடகைச் சட்டம் இந்த மாற்றத்தைத் தாமதமாகவே ஏற்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நிறுத்தக் கூடாத அத்தியாவசிய வசதிகளில் தண்ணீர், மின்சாரத்தோடு வாகன நிறுத்தத்தையும் அது சேர்த்தது. ஒப்புக்கொண்ட இடத்தை வீட்டுக்காரர் மறுத்தால், குடியிருப்பவர் அந்த அமைப்பிடம் முறையிடலாம்.