வரப்பில் நடந்தவர்களின் வரைபடம்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடும் அரங்கில் திசை அறிவதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் வியப்புடன் பார்த்தார்கள். கைப்பேசித் திரையின் நீலப் புள்ளி வழிகாட்டும் காலத்தில், சூரியனையும் காற்றையும் மரத்தையும் பார்த்து நடப்பது மலையேறப் போகிறவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றுவது இயல்புதான். நாம் அதை ஓர் உரிமையின் வரலாறாகப் பார்க்கிறோம். திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி இன்று தொழிற்பேட்டைகளின் பெயர்ப்பலகைகளால் அறியப்படுகிறது. அதற்கு முன்பு அந்த நிலத்தை அங்குலம் அங்குலமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் யார், எந்த நிலைமையில் அதைக் கற்றார்கள், அந்த அறிவு இன்று எதற்குப் பயன்படும் என்ற மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

1. நிலம் சொல்லும் திசை

இயற்கை அடையாளங்களைக் கொண்டு திசையறியச் சொல்லித்தரும் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. நண்பகல் நிழல் வடக்கே விழும், துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும் என்று அவை தொடங்கும். நம் ஊரில் இவை இரண்டும் அப்படியே செல்லாது. திருப்பெரும்புதூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் அதே நிலைக்கு வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களுக்குச் சற்றே குறைவான காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். கையேட்டை நம்பி ஜூன் மாதத்தில் நடப்பவர் நேரெதிர்த் திசையில் போவார். துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் அளவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஒரு பனந்தோப்பு அதை மறைத்துவிடும்.

நம் மக்களின் அடையாளங்கள் வேறு. அவற்றுள் முதலாவது நம் மொழியிலேயே இருக்கிறது. கிழக்கு என்ற சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும் மேற்கு என்பது ‘மேல்’ என்பதிலிருந்தும் வந்தவை. மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள சரிவு நிலத்தில் பிறந்த திசைப்பெயர்கள் இவை. மலை கிழக்கே இருக்கும் கேரளத்திலும் அத்திசைக்குக் கிழக்கு என்றே பெயர் இருப்பதைக் கால்டுவெல் எடுத்துக்காட்டி, அச்சொல் மலைக்கு இந்தப் பக்கத்தில் உருவானது என்று வாதிட்டார். காற்றுக்கும் அப்படித்தான்: கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். காற்றின் பெயரைச் சொன்னாலே திசையைச் சொன்னதாகும்.

இரண்டாவது அடையாளம் ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே வழிவதால் பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்குப் புறத்தில் வளைந்து நிற்கும். நீர்பிடிப்பு மேற்கே விரியும். பாசன வயல் கரைக்குக் கீழே கிடக்கும். தூரத்தில் பனைகள் ஒரே வரிசையில் தெரிந்தால் அங்கே கரை இருக்கிறது என்று கொள்ளலாம். இருட்டில் தவளைச் சத்தம் தண்ணீரைச் சொல்லும். நாய்க்குரைப்பு குடியிருப்பைச் சொல்லும். வெட்டவெளியில் ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தும் பறவைக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஆள்காட்டி. நடக்கக்கூடாத இடத்தில் இரவில் நடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கும்.

2. தெரு மறுக்கப்பட்டவர்கள்

இந்த அறிவு எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஊர்த்தெருவில் நடக்க உரிமை உள்ளவருக்குத் தெருவே வழி. அந்த உரிமை இல்லாதவர் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓடைக்காலிலும் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதோடு சுமத்தப்பட்ட ஊழியமும் சேர்ந்தது. சாவுச் சேதியை அக்கம்பக்கத்து ஊர்களுக்கு எடுத்துச் செல்வது, அது நள்ளிரவானாலும் அடைமழையானாலும், சேரி மக்கள்மேல் விதிக்கப்பட்ட வேலை. வெட்டியான், தலையாரி போன்ற ஊழியங்களும், பல பகுதிகளில் மதகைத் திறந்து வயல் வயலாக நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையும் இவர்கள் தலையிலேயே விழுந்தன. எந்த வாய்க்கால் எங்கே திரும்பும், எந்த மடை எப்போது உடையும், எந்த மேடு வெள்ளத்திலும் முழுகாது என்பதை நிலத்துக்குச் சொந்தக்காரரைவிட இவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். ஆகவே இந்த அறிவைப் பழம்பெருமையாகக் கொண்டாட நமக்கு விருப்பமில்லை. கூலி இல்லாத இரவுகளில், செருப்பு அணிய அனுமதியில்லாத கால்களால் சேர்க்கப்பட்ட அறிவு இது.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனுக்கு இந்த மாவட்டத்தின் தெருக்களும் தெரியும், வரப்புகளும் தெரியும். 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர் அவர். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் பாதைகளிலும் நடக்கவும், பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்தவும் எவருக்கும் தடை கூடாது என்றது. அதே ஆண்டு மார்ச் 30 அன்று வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நம் அரசியல் வரலாற்றின் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று, நடப்பதற்கான வழி.

கடலுக்கு அப்பாலும் இதே கதை உண்டு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் டப்மன், தன் தந்தையுடன் மரம் வெட்டும் வேலையில் காட்டைப் படிக்கக் கற்றார். தப்பித்த பிறகு 1850-க்கும் 1860-க்கும் இடையில் பலமுறை திரும்பிச் சென்று சுமார் 70 பேரை இரவுப் பயணங்களில் விடுவித்து அழைத்துவந்தார். அவருக்குத் துருவ நட்சத்திரம் வழிகாட்டியது. அந்த அட்சத்தில் அது நன்றாக உயர்ந்து நிற்கும். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1847-இல் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயரும் ‘வடவிண்மீன்’ என்பதே. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திசையறிவு எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

3. எல்லை தெரிந்தவருக்கு நிலம் இல்லை

சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை நடக்கவிட்டு எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். நமக்கு அருகிலேயே, முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு பழையனூரின் எல்லையை விரிவாகச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசனின் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட இடங்களைச் சொல்லும்போது சுடுகாட்டோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பட்டியலிடுகின்றன. நிலப்பதிவேட்டில் நாம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறோம். உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் இல்லை.

எல்லைத் தகராறு வந்தால் தீர்த்துவைக்க அழைக்கப்பட்டவரும் சேரிக்காரரே. 19-ஆம் நூற்றாண்டில் ஜே.எஸ்.எஃப். மெக்கன்சி என்ற ஆங்கிலேய அதிகாரி மைசூர்ப் பகுதி வழக்கம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஹொலெயர் சமூகத்தைச் சேர்ந்த குலவாடி, நடுவில் நீர் வைத்த மண் உருண்டையைத் தலையில் சுமந்து எல்லையில் நடப்பார். கோடு தப்பினால் உருண்டை தானே உடையும், அவர் பதினைந்து நாளில் சாவார் என்பது நம்பிக்கை. இதில் உள்ள ஏற்பாட்டைக் கவனியுங்கள். எல்லை எது என்று சொல்லும் அறிவு தீண்டத்தகாதவரிடம் இருப்பதை ஊர் ஒப்புக்கொள்கிறது. தவறினால் உயிர்போகும் அபாயத்தையும் அவர்மேலேயே வைக்கிறது. சரியாகச் சொன்னால் கிடைக்கும் நிலம் மட்டும் வேறொருவருக்கு.

பிறகு அளவைக்கருவி வந்தது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணியை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது திருப்பெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள பரங்கிமலையில். ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து அந்தப் பணி புறப்பட்டது. காலப்போக்கில் எல்லை என்பது நடந்து காட்டுவது என்ற நிலை மாறி, சர்வே எண்ணும் கல்லும் ஆனது. அளவை எண் ஒருவகையில் நமக்கு வாய்ப்பும்கூட, ஏனென்றால் காகிதத்தில் எழுதியதைக் காட்டி வாதாட முடியும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அளித்த அறிக்கையும், 1892-இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. தமிழகத்தில் இவ்வகை நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காக, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரியதற்காக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

4. தொழிற்பேட்டையில் தொலைந்த அடையாளங்கள்

டிரமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில்தான் திருப்பெரும்புதூர் இருந்தது. 1997-க்குப் பிறகே அது காஞ்சிபுரம் மாவட்டம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், மாம்பாக்கம் என்று பேட்டைகள் பெருகின. வடகால் என்ற பெயரில் ‘வடக்கு வாய்க்கால்’ என்ற பொருளைப் படிக்க இடமுண்டு. இன்று அது ஒரு பேருந்து நிறுத்தம்.

வேலைவாய்ப்பை நாம் எதிர்க்கவில்லை. சேரிப் பிள்ளைகள் சாதித் தொழிலை விட்டு வெளியே வர ஆலைவாசல் திறந்த வழியும் சிறிதல்ல. ஆனால் நிலம் மாறிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் நடந்து பார்த்த ஊர்களில் பெரியவர்கள் கைநீட்டிக் காட்டிய இடங்கள் பலவும் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டன. வரத்துக்கால் சாலைக்கு அடியில் குழாயாகிவிட்டது. பனை வரிசை இல்லை. இரவு முழுக்க எரியும் விளக்குகளில் விண்மீன்கள் மங்கிவிட்டன. சுடுகாட்டுக்குப் போகும் வரப்பு அடைபட்டு, பிணத்தைச் சுற்றுவழியில் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. வழி மறுப்பு பழைய சாதித்தெருவில் இருந்ததுபோல் முகத்துக்கு நேராக இல்லை. வரைபடத்தில் அந்தப் பாதை ஒருபோதும் குறிக்கப்படவில்லை என்ற பதிலாக அது வருகிறது.

அந்தச் சுவர்களுக்குள் வேலை செய்யும் பெண்களின் நிலையும் இதோடு சேர்ந்ததே. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதியிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து விடுதிக்கும் பேருந்தில் கொண்டுசெல்லப்படும் ஒருத்திக்கு, தான் எந்த ஏரியின் எந்தக் கரையில் வாழ்கிறாள் என்று தெரிய வாய்ப்பில்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருக்கும் இடத்தைத் தம் இடமாக ஆக்கிக்கொள்ளும் முயற்சிகளாகவும் இவற்றைக் காண வேண்டும்.

5. இருளர் சொல்லும் சான்று

இயற்கை அடையாளங்களைப் படிக்கும் அறிவுக்கு இன்றும் மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு, இதே வட்டாரத்து இருளர்களைக் காட்டுகிறோம். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று வேலை இழந்த இருளர்களுக்காக, 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை முந்தைய ஆண்டு நடந்த ஒரு மாதப் போட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேடி 106 மட்டுமே பிடித்திருந்தார்கள். இவர்களின் குழு முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 பிடித்தது.  மணலில் ஊர்ந்த தடம், எச்சம், புல் சாய்ந்த விதம் ஆகியவையே துணை. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே இருளர் மக்களை அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக வைத்திருந்து அதிகாரிகள் மீட்ட செய்திகளும் இதே மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. விருது தந்த அறிவுக்குக் குடியிருக்க மனைப்பட்டா தர நம் சமூகம் இன்னும் தயங்குகிறது.

6. இனி

மாணவர்களுக்கு ஒரு வேலையைத் தர விரும்புகிறோம். உங்கள் ஊர்ச் சேரியில் நீர்க்கட்டியாக, வெட்டியானாக, நாற்று நட்டவர்களாக வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நடங்கள். குறிப்பாகப் பெண்களோடு, ஏனென்றால் விறகுக்கும் கீரைக்கும் புல்லுக்கும் சென்ற பாதைகள் அவர்களுக்கே தெரியும். எந்தப் பாறை, எந்தப் புற்று, எந்த வேம்பு, எந்த மடை என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு அதை கிராம வரைபடத்தின்மேலும் புலப்படத்தின்மேலும் பொருத்திப் பாருங்கள். ‘அ’ பதிவேட்டையும், 1980-களின் யு.டி.ஆர். பட்டா திருத்தத்துக்கு முந்தைய பதிவேடுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் என்ற குறிப்பு பழைய ஏட்டில் இருந்து புதிய ஏட்டில் காணாமல் போன சர்வே எண்களைத் தனியே எழுதுங்கள். தொழில்நுட்பத்தையும் விடவேண்டாம். பெரியவர் நிற்கும் இடத்தைக் கைப்பேசி துல்லியமாகக் குறித்துத் தரும். அங்கே என்ன இருந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்குக் காலம் குறைவாக இருக்கிறது. ஏரிக்கரையில் நடந்த அந்தத் தலைமுறைக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது. எல்லை சொல்ல அழைக்கப்பட்டு நிலம் மறுக்கப்பட்டவர்களின் கடைசிச் சாட்சிகள் அவர்கள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டோடு போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் சர்வே எண் அதிலிருந்தே கிடைக்கும்.

ஜெய்பீம்.